ஒருநாள் பூவின் நிறம்

ரமா மறுபடியும் எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடியும் பாகீரதியின் கை வந்து தோளை அழுத்தி உட்கார வைத்தது.

“எங்க போற?”

“பின்னாடி போயிட்டு வந்துடறேன் அண்ணி. ஒரே நிமிஷம்.”

“இப்பத்தான பாத்ரூம் போயிட்டு வந்த. நானே கூட வந்தேனே.”

“பாத்ரூமுக்கு இல்ல. தோட்டத்துக்கு.”

“தோட்டத்துக்கா!” பாகீரதி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலே கூடம் முழுக்கக் கேட்டது. “புருஷன இப்படிப் போட்டுட்டு தோட்டம் பாக்கப் போறியா? எடுக்குற வரைக்கும் தலைமாட்ட விட்டு நீ நகரக் கூடாது ரமா. ஊர் உலகத்துல இல்லாத பேச்சு பேசாத.”

பாகீரதி, இறந்துபோன ஸ்ரீகண்டனின் அக்கா. ஆஸ்டின் டவுனில் அவர்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவள் அவள்தான். விளக்கு எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம், யார் எங்கே உட்கார வேண்டும், எல்லாம் அவள் சொன்னபடிதான் நடக்கும். இன்றைக்குச் சொந்தத் தம்பியின் சாவு. அழுகையும் அதிகாரமும் அவளுக்கு மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எழுந்து போக உரிமை உள்ளவர்கள் எல்லோரும் எழுந்து போய் வாசலில் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அழுதார்கள். ரமாவுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

ஸ்ரீகண்டனைக் கூடத்து நடுவில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் தட்டுகளில் ஐஸ் பாளங்கள் மரத்தூளோடு உருகிக்கொண்டிருந்தன. வாசலில் ஷாமியானா கட்ட வந்தவர்கள் மிச்சத் துணியை இழுத்து ஜன்னலையும் சேர்த்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்புத் துணி. வெயில் அதன் வழியாக உள்ளே விழுந்ததில் கூடமே சிவந்து கிடந்தது. அவர் மேல் போர்த்திய வெள்ளை வேட்டி சிவப்பு, துக்கம் கேட்க வருகிறவர்களின் முகம் சிவப்பு. வெளியே வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இந்த வெளிச்சத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ரமாவுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு புது லில்லிச் செடி இன்று காலை தன் முதல் பூவை விட்டிருக்க வேண்டும். அது என்ன நிறம் என்று பார்த்து வந்து சொல்வதாக நேற்று அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அவர் காத்திருக்கவில்லை. அதற்காகச் சொல்லாமல் விட்டுவிட முடியுமா?

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் இருந்தார். நெஞ்சுவலி குறைந்திருந்தது. இந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கொண்டுபோன இட்லியைத் தொடாமல் மொட்டைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார்.

“நுனி பிரிஞ்சிருந்துச்சா?”

“லேசா.”

“அப்ப நாளைக்குக் காலைல திறந்துடும். வெயில் ஏர்றதுக்குள்ள பாத்துடு. வெயில் பட்டா வெளுத்துடும்னு நீதான சொல்லுவ.”

“பாத்துட்டு வந்து சொல்றேன். மொதல்ல இட்லியச் சாப்பிடுங்க.”

“நல்லா இல்லன்னாலும் சொல்லு. ஆஸ்பத்திரில கெடக்கறான்னு பொய் சொல்லாத.”

“நான் என்னிக்குப் பொய் சொன்னேன்?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அரை இட்லி உள்ளே போனது. சாயந்திரம் பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு அவள் படியேறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். திரைக்கு வெளியே அவருடைய செருப்பு ஒழுங்காக ஜோடியாக இருந்தது.

லில்லி என்றால் மாலைக்குக் கட்டுகிற லில்லி அல்ல. டே லில்லி. புல் மாதிரி நீளநீளமாக இலை, நடுவிலிருந்து குச்சியாக ஒரு தண்டு, தண்டின் நுனியில் மொட்டு. காலையில் விரிந்த பூ இருட்டுவதற்குள் சுருண்டுவிடும். ரமா அதை ஒருநாள் பூ என்றுதான் சொல்வாள். சாமிக்கு வைப்பதில்லை, தலையில் வைத்தால் நிற்பதில்லை, மோந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. பெங்களூரில் பாதி காம்பவுண்டு ஓரங்களில் அது காவி நிறத்தில், யாரும் சீந்தாமல், தன்பாட்டுக்குப் பூத்துக் கிடக்கும். ஸ்ரீகண்டனுக்குக் காவி வேண்டாம். ரோஸ் வேண்டும்.

சிந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வெளியே நடைபாதையில் ஒருவன் ரோஸ் லில்லி என்று சொல்லி விற்ற கன்றை வாங்கி வந்தார். பூத்ததும் தான் வேலை பார்த்த அச்சகத்து நண்பர்களை ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்டு, “எப்படி ரோஸ்?” என்று காட்டினார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “ஸ்ரீகண்டன், நல்லாப் பழுத்த பூசணிக்காய் மாதிரி இருக்கேய்யா” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் போன பிறகு பின்பக்கம் போய் அந்தப் பூவின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் ரமாவுக்கு விஷயம் முழுசாகப் பிடிபட்டது. பெண் பார்க்க வந்தபோது அவள் கட்டியிருந்தது ரோஸ் கலர் பட்டு. கல்யாணமான புதிதில், “அன்னிக்கு ஒரு சிமெண்ட் கலர் பொடவ கட்டியிருந்தியே, அதக் கட்டேன்” என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள். கேலி இல்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. ரோஸ் என்பது சாம்பல். பிறவியிலேயே அப்படி. அச்சகத்தில் புரூஃப் திருத்துகிற ஆளுக்குக் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தால் போதும் என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. “யார்கிட்டயும் சொல்லாத ரமா. கலர் தெரியாதவன் பூ வளக்கறான்னு சிரிப்பானுங்க” என்றார். அவள் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கே தெரியாது.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு நாலு கீரைப் பாத்தி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். இவருக்கு வீம்பு. விற்றவன் ஏமாற்றினான், நானே உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி இன்னொரு பூவின் நடு நரம்பு நுனியில் தடவுவார். காய் பிடிக்கும். காய் வெடித்தால் உள்ளே மிளகு மாதிரி விதை. அதை ஊன்றி, முளைக்க வைத்து, வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தால் ஒருநாள் காலை பின்பக்கத்திலிருந்து “ரமா!” என்று குரல் வரும். அவள் காபியும் கையுமாகப் போய் நிற்க வேண்டும்.

“என்ன கலர்?”

“பப்பாளி.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன். பப்பாளி.”

ஒவ்வொரு தடவையும் இரண்டாவதாக அந்தக் கேள்வியைக் கேட்பார். பூசணி, பப்பாளி, பழைய செங்கல், கேரட் அல்வா என்று அவளும் அவளுக்குத் தெரிந்த பாஷையில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் தலையில் வைத்துக் கழற்றிய கனகாம்பரச் சரத்தின் வாழைநாரை எடுத்து, செடியின் தண்டில் கட்டி முடிச்சுப் போடுவார். ஒரு முடிச்சு என்றால் வேண்டாத செடி, பக்கத்து வீட்டு மௌரீனுக்குப் போகும். இரண்டு முடிச்சு என்றால் ரோஸ் இல்லை, ஆனால் கிட்டே வந்திருக்கிறது, மகரந்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று முடிச்சு ரோஸுக்கு. அது வந்ததே இல்லை. கலர் கலராக நூல் கட்டலாம்தான், எது எந்த நூல் என்று அவருக்கு யார் சொல்வது? முடிச்சு என்றால் விரலால் தடவித் தெரிந்துகொள்வார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் காலை, அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில், “ரோஸ்தான்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப் போகிறது? அதனாலேயே அவள் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

துவைக்கிற கல் ஓரத்துச் செடி, இரண்டு முடிச்சுச் செடிகள் இரண்டைச் சேர்த்து வந்தது. இந்த வருஷம் முதல் பூ. ஒரே ஒரு மொட்டு.

யாரோ ஒரு அம்மாள் வந்து ரமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எப்படிம்மா ஆச்சு?” என்றாள். ரமா ஒப்பித்தாள். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பித்து ஒப்பித்து அந்தக் கதை வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிட்டிருந்தது. அந்த அம்மாளின் தோளுக்கு மேலாக மகள் சிந்து போவது தெரிந்தது. அவள் அல்சூரில் புருஷன் வீட்டிலிருந்து விடியும்போதே வந்துவிட்டாள். அண்ணன் பாலகுமார் பம்பாயிலிருந்து விமானம் ஏறிவிட்டானா என்று போனுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவன் வந்த பிறகுதான் எடுக்க முடியும்.

“சிந்து, இங்க வா. பின்னாடி துவைக்கிற கல்லு பக்கத்துல புதுசா ஒரு லில்லி பூத்திருக்கும். என்ன கலர்னு பாத்துட்டு வா.”

“என்னம்மா, இப்பப் போயி…”

“பாத்துட்டு வா. பூவோட தொண்டைக்குள்ள ஆரஞ்சு அடிக்குதான்னு பாரு. ஓரத்தையும் பாரு.”

சிந்து அத்தையைப் பார்த்தாள். பாகீரதி நெற்றியைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அம்மாவுக்கு அதிர்ச்சியில் புத்தி தடுமாறுகிறது என்று புரிந்துகொண்ட சிந்து, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். ரமாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அழுகிற மகளின் காதுக்குள், “போடி. வெயில் ஏறுது” என்றாள்.

சிந்து எழுந்து போனாள். போகிற வழியில் போன் அடித்தது. போனை வைத்தபோது வாசலில் சடலம் ஏற்றிப் போகிற வேனின் டிரைவர் ஏதோ கேட்டு அவளைக் கூப்பிட்டான். ரமா பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மரத்துப் போய், மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். பாகீரதி கனகாம்பரச் சரத்தைக் கொண்டுவந்து, இருக்கிற கூந்தல் கொள்ளாமல் அவள் தலையில் வைத்தாள். நெற்றியில் பெரிதாகக் குங்குமம் அப்பினாள். “கடைசியா ஒரு தடவ வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு விசும்பினாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். ரமா அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாக சிந்து அந்த வாசலில் தெரிந்தாள்.

“அங்க பூவே இல்லம்மா.”

“துவைக்கிற கல்லு பக்கத்துலடி.”

“அங்கதாம்மா பாத்தேன். வெறும் தண்டுதான் நிக்குது. யாரோ கத்திரியால வெட்டின மாதிரி இருக்கு.”

யார்? ஷாமியானாக்காரர்களா? வந்திருக்கிற குழந்தைகளா? குழந்தை கையில் கத்திரி எப்படி வரும்? நேற்று ராத்திரியே வீட்டுக்கு ஓடிவந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ராத்திரி எப்படிப் பார்ப்பது, பூ காலையில்தானே திறக்கும் என்றும் தோன்றியது. பெஞ்சின் மேல் படுத்திருப்பவர் மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பொறுத்த மனுஷனுக்கு ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை.

அப்போதுதான் மௌரீன் வந்தாள். பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச் சுவர் வழியாகத்தான் இத்தனை காலமும் குழம்பும் கேக்கும் வேண்டாத லில்லிகளும் போய் வந்தன. வெள்ளை கவுன் போட்டு, தலைக்கு முக்காடு போட்டிருந்தாள். கையில் வெள்ளை ரிப்பன் கட்டிய பெரிய பூங்கொத்து.

அவள் குனிந்து அதை அவர் மார்பின் மேல் வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ரமாவின் பக்கத்தில் தரையில் சிரமப்பட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு பூவக் கிள்ள விட்டிருப்பாரா, சொல்லு? என் பேத்தி பர்த்டேக்குக் கேட்டேன், நோ மௌரீன்னு சொல்லிட்டார். இன்னிக்காவது அவர் பூவெல்லாம் அவரோட போகட்டும் டியர். எங்க சைடுல இருந்ததையும் வெட்டினேன், உங்க பின்பக்கம் இருந்ததையும் வெட்டினேன். ஒண்ணு கூட விடல.”

அறையலாம் போல இருந்தது ரமாவுக்கு. கூடவே மௌரீனின் மடியில் தலை வைத்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கொத்தைப் பார்த்தாள்.

எல்லாம் அவளுக்குத் தெரிந்த பூக்கள். மேலே இருப்பது பூசணி. அதற்கு அடியில் மடங்கியிருப்பது கேரட் அல்வா. பக்கத்தில் பப்பாளி, அதே பப்பாளியின் தங்கச்சி ஒன்று. ஓரத்தில் செங்கல். எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான், முகம் மறக்குமா? நடுவில் ஒன்று மட்டும் தெரியாத முகமாக இருந்தது. இதழ் அகலம், ஓரம் லேசாகச் சுருங்கிச் சுருங்கி இருந்தது. அதுதான்.

என்ன நிறம்?

தெரியவில்லை. சிவப்புத் துணி வழியாக வந்த வெளிச்சத்தில் பூசணியும் ரோஸ், செங்கலும் ரோஸ், மௌரீனின் முக்காடும் ரோஸ். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இப்படித்தான் இருந்திருக்குமா அவருக்கு? எதிரே பூ இருக்கிறது, கண்ணும் திறந்திருக்கிறது, ஆனால் யாராவது சொன்னால்தான் உண்டு.

கையை நீட்டினாள். பாகீரதி மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சவத்து மேல போட்ட பூவ எடுக்கக் கூடாது ரமா.”

“எடுக்கல அண்ணி. வெளிச்சத்துல பாத்துட்டு மறுபடி வெச்சுடறேன்.”

“என்னத்தப் பாக்கணும்?”

ரமா வாயைத் திறந்தாள். சொன்னால் விட்டுவிடுவார்கள். உன் தம்பிக்கு நிறம் தெரியாது, என் கண்ணைத்தான் இரவல் வாங்கிக்கொண்டிருந்தார், ஒரு பதில் பாக்கி இருக்கிறது என்று சொன்னால் பாகீரதியே கைபிடித்து வெளியே அழைத்துப் போவாள். பிறகு அந்த விஷயம் ஷாமியானாவுக்குப் போகும், டீயோடு சேர்ந்து சுற்றும், “அய்யோ பாவம்” என்பார்கள். யார்கிட்டயும் சொல்லாத என்றவர் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக் கிடக்கிறார். பேச முடியாத ஆளை இப்போது காட்டிக் கொடுப்பதா?

“ஒண்ணுமில்ல” என்றாள்.

பாகீரதி மணிக்கட்டை விடவில்லை. தடவிக் கொடுத்துக்கொண்டே பிடித்திருந்தாள்.

சும்மா ரோஸ் என்று சொல்லிவிட்டால்தான் என்ன? போகிற ஆளுக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது ஊர் வழக்கம்தானே. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கோபமே வராத மனுஷன் என்றார்கள், அவருக்குக் காலை மாலை கோபம் வரும். ரமா அவர் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியால் ஏதோ பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். பொய் சொல்லாத என்று அந்த வாய்தான் நேற்றுச் சொன்னது. முடியாது என்று தீர்த்துக்கொண்டாள். செங்கல் என்றால் செங்கல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

வாசலில் ஆட்டோ நின்றது. பாலகுமார் பெட்டியோடு உள்ளே ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்தான். கூடம் மறுபடி ஒருமுறை முழுசாக அழுது தீர்த்தது. ரமா மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் தலைமுடியில் பம்பாய் வேர்வை இருந்தது. இவனுக்காகவாவது அழ வேண்டும் என்று முயற்சி செய்தாள். கண் அந்தக் கொத்தை விட்டு நகரவில்லை.

“லேட் ஆகுத்தெ, பேக பேக” என்று வேன் டிரைவர் வெளியிலிருந்து கன்னடத்தில் அவசரப்படுத்தினான். பாகீரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சரி, குளிப்பாட்டற வேலையப் பாருங்க. பந்தல் ஓரமா பொடவ கட்டி மறைச்சாச்சா? பூவெல்லாம் எடுத்துடுங்க.”

ஆண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் கோணிப்பையைப் பிடிக்க, இன்னொருவர் மார்பின் மேலிருந்த மாலைகளை இரண்டு கையாலும் வாரிப் போட்டார். ரோஜா மாலை, சாமந்தி மாலை, அடுத்த வாரலில் மௌரீனின் கொத்து.

ரமா எழுந்தாள். மகனின் தலையை மெதுவாக சிந்துவின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். மரத்த கால் ஊன்றவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேராகக் கோணிப்பைக்குள் கையை விட்டாள்.

“ரமா!” என்றாள் பாகீரதி.

ரிப்பன் முடிச்சு அவிழவில்லை. இழுத்தாள். பப்பாளியும் செங்கலும் உதிர்ந்தன. அந்த ஒன்றைத் தண்டோடு உருவி எடுத்துக்கொண்டாள்.

“பைத்தியம் புடிச்சிடுச்சாடி உனக்கு? அவளப் புடிங்க யாராவது!”

யாரும் பிடிக்கவில்லை. பிடிக்கப் போன ஒருத்தியின் கையை, தரையில் உட்கார்ந்தபடியே சிந்து எட்டிப் பிடித்துக்கொண்டாள். “விடுங்க அத்த. போயிட்டு வரட்டும்” என்றாள். ரமா அடுக்களையைத் தாண்டி, பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

வெயிலில் கண் கூசியது. உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. துவைக்கிற கல் மேல் வெயில், செடிகள் மேல் வெயில், வெட்டிய தண்டுகள் வரிசையாக நின்றன. கூடத்து நிழலில் ஐஸுக்கு மேலேயே இருந்ததால் பூ வாடவில்லை, ஓரம் மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது. நேர் வெயிலில் பார்க்கக் கூடாது. மௌரீன் வீட்டுச் சுவர் நிழலில் போய் நின்றுகொண்டு பூவை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

முதலில் ஆரஞ்சைத் தேடினாள். அதுதான் அவள் பழக்கம். இதழின் நடுவில் தேடினாள், நரம்பில் தேடினாள், திருப்பிப் போட்டு முதுகில் தேடினாள். தொண்டைக்குள் ஆரஞ்சு ஒளிந்திருக்கும், பல பூக்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். விரலால் விலக்கிப் பார்த்தாள். உள்ளே இளம்பச்சை. பச்சையிலிருந்து நேராக ரோஸ். அவள் பெண் பார்க்கும் நாளில் கட்டியிருந்த பட்டு இதைவிடக் கொஞ்சம் அழுத்தம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்லாப் பாத்தியா?

திரும்பவும் பார்த்தாள். முந்தானையை விரித்து அதன் வெள்ளைப் பகுதியில் வைத்துப் பார்த்தாள். ரோஸ்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நேற்று சாயந்திரத்திலிருந்து எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். நடுநடுவே சிரிப்பும் வந்தது, கல்யாணமான புதிதில் கேட்ட சிமெண்ட் கலர் ஞாபகம் வந்ததால். உள்ளே இருந்தவர்கள், இப்பவாவது அழுதாளே என்று நிம்மதியாகியிருப்பார்கள்.

அவள் உள்ளே வந்தபோது குளிப்பாட்டி முடித்து, புது வேட்டியும் அவர் வழக்கமாகப் போடுகிற மாதிரி வெள்ளைச் சட்டையும் போட்டு, பாடையில் கிடத்தியிருந்தார்கள். பாகீரதி ரமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாய்க்கரிசித் தட்டை நீட்டினாள். பெண்கள் வரிசையாகச் சுற்றி வந்து போட்டார்கள். கடைசியாக ரமா. அரிசியைப் போட்டுவிட்டு, முட்டி போட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

“ரோஸ்ங்க.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பழக்கம்தான். அடுத்த கேள்வி வர வேண்டும். அது வருவதற்கான நேரத்தை விட்டு, வராமல் போன பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, சொன்னாள்.

“நல்லாப் பாத்தேன்.”

கையிலிருந்த பூவை அவர் சட்டைப் பைக்குள், மூக்குக் கண்ணாடி வைக்கிற இடத்தில் வைத்தாள். பாகீரதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. தூக்கினார்கள். வாசல் வரைதான் பெண்கள். வேன் ஆஸ்டின் டவுன் திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு மறைந்தது. சிந்து அம்மாவின் இடுப்பை அணைத்தபடி நின்றாள்.

“அப்பா காதுல என்னம்மா சொன்ன?”

“ஒண்ணுமில்ல. கேட்டிருந்தார், சொன்னேன்.”

வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் தண்ணீரும் மரத்தூளும் உதிர்ந்த இதழ்களும் சேர்ந்து வாசலுக்கு ஓடின. ஷாமியானாக்காரர்கள் துணியை அவிழ்த்ததும் கூடம் பழையபடி வெள்ளைச் சுவராக ஆனது. ரமா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு பின்பக்கம் வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மௌரீன் நின்றிருந்தாள். வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும்.

“ரமா, அந்தப் பூ… அது புதுசா? நான் பாக்காம வெட்டிட்டேனா?”

“பரவால்லக்கா.”

“ஐயோ, என்ன கலர்னு கூட நான் கவனிக்கல. எல்லாத்தையும் சேத்து வெட்டினேன். ரோஸ் வரணும்னு எவ்ளோ ஆசப்பட்டார்! கண்ணால பாக்காமப் போயிட்டாரே மனுஷன்.”

“ஆமாக்கா” என்றாள் ரமா.

மௌரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். சாயந்திர வெயில் சுவருக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. வெட்டுப்பட்ட தண்டு துவைக்கிற கல் உயரத்துக்கு நின்றது. வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு நீர் காய்ந்திருந்தது. அடியில் இலைகள் பச்சையாக, தமக்கு ஒன்றும் தெரியாது என்பது மாதிரி இருந்தன.

ரமா தலையிலிருந்து நனைந்த கனகாம்பரச் சரத்தை எடுத்தாள். பூக்களை ஒவ்வொன்றாக உருவிக் கல்லின் மேல் வைத்தாள். நார் மட்டும் கையில் மிஞ்சியது. குனிந்து அதைத் தண்டில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொன்று. ஈர நார் வழுக்கியது, மூன்றாவது நிற்கவில்லை, அவிழ்ந்துகொண்டது. பல்லால் நுனியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டாள். இறுக்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.